கைப்பிடி இல்லாத பால்கனி

பழைய சினிமாவில் வந்த வீடுகளைப் படமெடுக்க மாலை நான்கு மணி வெயில்தான் தோது. அந்தக் காலத்து ஸ்டில்லை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, அதே கோணத்தில் இன்றைய வீட்டை எடுப்பேன். ஜன்னலுக்கு ஜன்னல் பொருந்த வேண்டும். இரவு ஷிஃப்ட் வேலையை விட்டபின் எனக்கு மிஞ்சியது இது ஒன்றுதான்.

அந்த மாடி வீட்டில் எல்லாம் பொருந்தியது, பால்கனியின் மரக் கைப்பிடியைத் தவிர. படப்பிடிப்புக்காக அன்று அதைக் கழற்றியிருந்தார்கள். ஸ்டில்லில் கதாநாயகன் வெறும் விளிம்பில் நிற்கிறான்.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ரேடியோ மெக்கானிக். பார்வை அநேகமாகப் போய்விட்டது. வேலைக்குக் கிளம்பிய மகள் சொன்னாள்: “அப்பா பேச ஆரம்பிச்சா நிறுத்தமாட்டாருண்ணா. காதுல பஞ்சு வச்சுக்கங்க. நாலு மணிக்கு எந்திரிச்சு பால்கனிக்கு வருவாரு, கொஞ்சம் பாத்துக்கங்க.”

“அந்தப் படத்துல ஹீரோவ விட எங்க வீடுதான் நல்லா நடிச்சிருக்கு தம்பி,” என்றார் அவர். கைப்பிடியைக் கழற்றட்டுமா என்று கேட்டேன். “அதுல மட்டும் கை வைக்காத. எனக்குக் கண்ணே அதுதான்.”

நியாயமான பதில். நான் வற்புறுத்தவில்லை. அவர் சாப்பிட்டுப் படுத்ததும் கழற்றினேன். எட்டு ஸ்குரூ. திரும்ப மாட்டத்தான் போகிறேன் என்பதால் பத்திரமாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

எதிர்ப்புறம் கேமராவை நிறுத்தியபோது மணி மூன்றே முக்கால். வெறும் பால்கனியை எடுத்தேன். வீடு பொருந்தியது. ஆனால் ஸ்டில்லில் ஓர் ஆள் நிற்கிறான், என் படத்தில் இல்லை. மேலே போய்க் கைப்பிடியை மாட்ட நேரம் இருந்தது. காத்திருந்தேன்.

நான்கு மணிக்குக் கதவு திறந்தது. கதவிலிருந்து விளிம்புக்கு ஐந்து காலடி. கேமராவில் நீங்கள் எண்ணியது சரிதான் இன்ஸ்பெக்டர் ஐயா, அவர் இருக்கும் படங்கள் ஐந்து. நான்காவது ஸ்டில்லோடு அப்படியே பொருந்தும். ஐந்தாவதில் அவர் கை முன்னால் நீண்டிருக்கிறது, கைப்பிடியைத் தேடி.

கீழே கூட்டம் கூடுமுன் நான் மேலே ஓடிக் கைப்பிடியை மாட்டிவிட்டிருந்தேன். கைப்பிடிக்கு மேல் குனிந்ததில் தவறியிருப்பார் என்று அவர்களே பேசிக்கொண்டார்கள்.

அதன்பின் எந்த வீட்டுக்கு நேரே கேமராவை வைத்தாலும், உள்ளேயிருந்து ஒரு கை சுவரைத் தடவிக்கொண்டு வருகிறது. கதவு திறக்குமுன் லென்ஸ் மூடியைப் போட்டுவிடுகிறேன். அது தாங்காமல்தான் நானே உங்களிடம் வந்தேன்.

வெளியே பெஞ்சில் இருக்கும் அவர் மகள் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். “ஒரு குரல் குடுத்திருக்கலாமே?”

கொடுத்திருப்பேன். திடுக்கிட்டு விழுந்துவிடுவாரோ என்றுதான் கொடுக்கவில்லை.