சாம்பல் நிறக் கோட்டின் உள்பை

என் கையெழுத்து அழகாக இருக்கும். பெருமைக்குச் சொல்லவில்லை. எல்லாம் அதில்தான் தொடங்கியது.

அத்தானுக்கு, அதாவது என் அக்காவின் கணவருக்கு, இந்த நாட்டு மொழி பேச வரும், படிக்க வராது. ஆறு வருடமாகத் துணி திருத்தும் கடை வைத்திருக்கிறார். பேன்டின் நீளம் குறைப்பது, கோட்டின் இடுப்பைப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது. நான் மாணவர் விசாவில் வந்தவன். பகலில் அவருக்குப் பொத்தான் தைத்துக் கொடுப்பேன், மாலையில் மொழி வகுப்புக்குப் போவேன். தினமும் ஒரு பக்கம் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்பது வகுப்பு ஆசிரியையின் உத்தரவு. ஒரு நாளும் விட்டதில்லை. ஆகவே நான் சொல்லும் தேதிகளை நீங்கள் நம்பலாம்.

சொந்தமாகக் கடை நடத்துபவருக்கு வேலை விசா கிடைப்பது எளிதல்ல. அது குடியேற்ற அலுவலகத்தில் இருக்கும் உங்களுக்கே தெரியும். முதல் முறை கடை சிறியது என்று மறுத்தீர்கள். அடுத்த முறை வாடிக்கையாளர் போதாது என்றீர்கள். இரண்டு முறையும் தற்காலிக அனுமதி மட்டும் கிடைத்தது. மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு. கிடைத்தால் அக்காவும் மகளும் இங்கே வந்துவிடலாம். மகளுக்கு ஏழு வயது. அவளை அத்தான் கைக்குழந்தையாகத் தூக்கியதோடு சரி.

விண்ணப்பத்தைப் பதினெட்டு நாள் எழுதினேன். "மச்சான் கை பட்டா தப்பே வராது" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அத்தான் சொல்வார். அவர்களுக்குத் தமிழ் புரியாது. இருந்தாலும் தலையாட்டுவார்கள்.

தபாலில் போடுவதற்கு முந்தின ஞாயிறு மதியம், கடைக்குப் பின்னால் நாங்கள் படுக்கும் அறையை அத்தான் நாடாவால் அளந்தார். தையல் சுண்ணாம்பை எடுத்துத் தரையில் கட்டில் அளவுக்குக் கோடு போட்டார்.

"இதுல உங்க அக்கா. இந்த மூலையில பாப்பா. அவளுக்கு ரெண்டு மெத்தை போட்டாப் போதும், உருண்டுக்கிட்டே கிடப்பா."

"நான் எங்க அத்தான்?"

"உனக்கென்னடா, ஒண்டிக்கட்டை. அயர்ன் பண்ற மேசைக்கு அடியில மடிச்சு வெச்சாலும் கசங்காம கிடப்ப."

சிரித்தார். நானும் சிரித்தேன். சுண்ணாம்புக் கோடு என் பாயின் குறுக்கே போயிருந்தது. அவர் குளிக்கப் போனதும் ஈரத்துணியால் துடைத்தேன். பாயில் கறை படியக் கூடாது என்பதற்காக.

மறுநாள் விண்ணப்பத்தை அனுப்பினேன். கடை வாடகை ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கம் உறைக்குள் போகவில்லை. எதையும் மூன்று முறை சரிபார்ப்பது என் வழக்கம். அன்றைய நாட்குறிப்பில் 'மறந்துவிட்டேன்' என்று எழுதியிருக்கிறேன். விண்ணப்பத்தை அனுப்பிய அதே நாளில், மறந்தது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்கள். அதை நானும் யோசித்துப் பார்த்தேன்.

ஐந்து வாரம் கழித்து உங்கள் கடிதம் வந்தது. விடுபட்ட பக்கத்தை இருபத்தொரு நாளுக்குள் அனுப்பினால் போதும், மற்றவை சரியாக உள்ளன என்று எழுதியிருந்தீர்கள். மரியாதையான கடிதம்.

அத்தான் முன்னால் தப்பு செய்தவனாக நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு ஒன்றுமில்லை. கடையில் ஒரு முறை உண்டு. துணி வரும்போதுதான் பைகளைச் சோதிப்போம். தைத்து முடித்துச் சீட்டுக் குத்தி மாட்டியதை அதன் சொந்தக்காரர் வரும்வரை யாரும் தொடுவதில்லை. கடைசிக் கம்பியில் ஒரு சாம்பல் நிறக் கோட்டு ஐந்து மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கடிதத்தை அதன் உள்பையில் வைத்தேன். கிழிக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"ஏதாவது வந்துச்சா மச்சான்?" என்று தினமும் கேட்பார்.

"இல்லை அத்தான்."

இருபத்தொரு தடவை. நாட்குறிப்பில் இருக்கிறது.

பிறகு மறுப்புக் கடிதம் வந்தது. நாட்டை விட்டு வெளியேற முப்பது நாள் கொடுத்திருந்தீர்கள். நான் அதை வேறு மாதிரி படித்துக் காட்டினேன். இன்னும் பரிசீலனையில் இருக்கிறது, கடையைச் சற்று அழகாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்றேன். அவரை அப்படி வருத்தப்பட விடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. அவர் சுவருக்கு வெள்ளை அடித்தார். பாப்பா வந்தால் பிடிக்கும் என்று, துணி மாற்றும் இடத்துக்கு மட்டும் மஞ்சள் பூசினார். முப்பது நாள் போயிற்று. அதன் பிறகும் இரண்டு மாதம் அவர் விசில் அடித்துக்கொண்டே தைத்தார். என் பாய் இருந்த இடத்திலேயே இருந்தது. அவை நல்ல நாட்கள்.

உங்கள் ஆட்கள் அவரைப் பிடித்துப் போக வந்தபோது அவர் கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அனுமதியின்றித் தங்கியவருக்குப் பத்து ஆண்டு தடை என்று அவர்கள் சொன்னதை நான்தான் அவருக்குச் சொன்னேன். அதை மட்டும் சரியாகச் சொன்னேன். அவர் நாடாவைக் கழற்றி, சுருட்டி, என் கையில் கொடுத்தார்.

"அக்காகிட்ட நீயே சொல்லிடு. உனக்குத்தான் பக்குவமா சொல்ல வரும்."

கோட்டின் சொந்தக்காரர் மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்து கோட்டை வாங்கிப் போனது அதற்கு அடுத்த வாரம். வீட்டில் பையைத் துழாவியிருக்கிறார். நேர்மையான மனிதர். உறையில் இருந்த முகவரியைப் பார்த்து உங்களிடமே அனுப்பிவிட்டார். இப்போது உங்கள் மேசையில் இருப்பது அந்தக் கடிதம்தான்.

அந்தக் கடிதத்தைப் பற்றி அக்காவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. "கடைசியா ஒரு மனு போடலாமாமே. நீ எழுதுடா. உன்னை விட்டா எங்களுக்கு யார் இருக்கா?" என்று போனில் அழுதாள். சரி என்றேன். என்னை அவள் அப்படிக் கேட்டது எனக்கு ஆறுதலாக இருந்தது.

மனு தயாராக இருக்கிறது. பார்க்கிறீர்களா, இதோ என் கோட்டுப் பையில்தான். நான்கு பக்கம், எல்லாப் பக்கமும் இருக்கின்றன, மூன்று முறை சரிபார்த்தேன். நடந்தது அத்தனையும் அதில் எழுதியிருக்கிறேன். படித்தால் நீங்களே அவரை விட்டுவிடுவீர்கள்.

கொடுக்க வேண்டிய கடைசி நாள் நேற்று. நேற்று எனக்கு வகுப்பு இருந்தது.