கட்டாமல் கொண்டுவந்த சீட்டு

ராத்திரி இரண்டரை மணி. அடி அண்ணாமலை தாண்டிக் கிரிவலப் பாதை. பௌர்ணமிக்கு இன்னும் பத்து நாள்... ஆள் நடமாட்டமே இல்லை. ஒரு வேப்பமரத்தடியில் இளஞ்செழியன் வண்டியை நிறுத்தினார். நம் ஆபீஸ் மணிமொழியின் அத்தான்தான், வேங்கிக்காலில் வீடு. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்காருங்கள், சொல்கிறேன்.

சட்டைப்பையில் ஒரு காகிதச் சீட்டு.

கம்பெனிப் பயிற்சிக்கு ஜப்பான் போனவர், அங்கே மலைமேல் ஒரு பழைய ஷின்டோ கோயிலுக்குப் போனார். சிவப்பு மரவாசல். கைகழுவி, வாய் கொப்பளித்து, இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒரு முறை குனிய வேண்டும். எல்லாம் முறைப்படி செய்தார். பிறகு குறிச்சீட்டு எடுத்தார். கெட்ட குறி வந்தவர்கள், கெட்டது கோயிலோடு போகட்டும் என்று, சீட்டை அங்கேயே கயிற்றில் கட்டிவிட்டுப் போனார்கள். இவருக்கு எழுத்துப் புரியவில்லை. சாமி கொடுத்ததை விட்டுவிட்டு வருவதா? பிரசாதம் மாதிரி மடித்துக் கொண்டுவந்து, பூஜை அலமாரியில் விபூதிப் பொட்டலத்தோடு வைத்தார்.

அன்றிரவே மகள் அபிநயாவுக்கு ஜுரம். ஐந்து வயது. பதினோரு நாளாக ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை. தினமும் ராத்திரி இரண்டரைக்கு வார்டுக்கு வெளியே கைதட்டல். டப்... டப். கூடவே ஈர மரத்தின் வாசனை. மனைவி எழிலரசிக்கு எதுவும் கேட்கவில்லை.

விடியும்வரை பார்க்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, ஊரில் பல வருஷமாகத் தங்கியிருந்த ஜப்பான்கார அம்மாவிடம் சீட்டைக் காட்டினார். படித்துப் பார்த்தவர், அதைக் கையில் திருப்பித் தரவில்லை. தரையில் வைத்தார்.

"நோயாளி எழுந்திருக்க மாட்டாங்கனு போட்டிருக்கு. அங்கயே கட்டணும், அண்ணா. ஏன் கொண்டு வந்தீங்க?"

அவ்வளவு தூரம் திரும்பிப் போக நேரம் ஏது? அதனால்தான் இந்த மரம். பிள்ளைவரம் கேட்டு ஜனங்கள் தொட்டில் கட்டுகிற மரம். கிளையில் சீட்டைச் சுற்றி முடிச்சுப் போட்டார். குனிந்தார். இரண்டு முறை தட்டினார்.

"எங்க ஊரு மரம்தான்... ஏத்துக்கோ சாமி. கொழந்தைய உட்டுடு."

டப்... டப்.

இந்த முறை தட்டியது அவரல்ல. முதுகுக்குப் பின்னால். ஈர மர வாசனை.

செல்போன் அடித்தது. எழிலரசி.

"ஏங்க, ஜுரம் சுத்தமா இல்லீங்க! எந்திரிச்சி உக்காந்துட்டா. உடம்புதான் ஜில்லுனு இருக்குது..." அழுதுகொண்டே சிரித்தாள். "ஆமா, அவ கையில என்னத்தக் கட்டிட்டுப் போனீங்க? பேப்பர் மாதிரி இருக்குது. நர்ஸ் கத்திரி வெச்சும் அவுக்க வரல."

டார்ச்சைக் கிளைமேல் அடித்தார். வெறும் கிளை.

போனில், எழிலரசியின் குரலுக்குப் பின்னால், சின்னக் கைகள் இரண்டு முறை தட்டின.