டர்போ ஏறிய மேடு

பாகாலாவில் திருப்பதி பஸ் ஏறிய பெண் ஒருத்தி, பக்கத்திலிருந்த தோழியிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

“எங்க ஊட்டுக்காரரு நேத்து என்னெ மேட்டுலயே உட்டுட்டுப் பூட்டாரு.”

“ஐயோ, ஏன்க்கா?”

“டிராக்டருக்கு டர்போ மாட்டிக்கீறாரு. போற புகையிலயே சுத்தி, இன்ஜினுக்குக் காத்தைத் தள்ளுது. முன்னெல்லாம் கரும்பு லோடு மேட்டுல திணறும். நான் பின்னாலயே நடந்து, வண்டி பின்னுக்கு உருளாம சக்கரத்துக்குக் கல்லு வெப்பேன். நேத்தும் பழக்கத்துல மேட்டடியில வண்டியில இருந்து கல்லோட குதிச்சேன். வண்டி சர்ருன்னு ஏறிப் பூடுச்சு!”

“அப்புறம்?”

“உச்சியில நிறுத்திட்டு, நான் நடந்து ஏறி வந்ததும், ‘கல்லு எங்கடி?’ன்னாரு.”

“நீ என்னாக்கா சொன்னே?”

“கீழயே போட்டுட்டேன்னு சொல்லி, மட்கார்டு மேல ஏறிக் குந்திக்கினேன். பத்து வருசமா சக்கரத்தையே பாத்துக்கினு நடந்தேன். அந்த மேட்டுல இருந்து எங்க ஏரி முழுசாத் தெரியுதுடி!”