பெல்ட் இல்லாத கவுன்

"இன்னா ஞானம், உன் வாய்ல உண்டான புள்ள இன்னும் அவ வயித்துக்கு வந்து சேர்லியே" என்று சம்பூர்ணம் குழாயடியில் கத்தியபோது என் குடம் பாதிதான் நிறைந்திருந்தது. பாதிக் குடத்தோடு சண்டையை விட்டுவிட்டுப் போகிற வழக்கம் எங்கள் தெருவில் கிடையாது. நானும் கத்தினேன். அவள் மருமகள் அம்மா வீட்டுக்குப் போன கதை, திரும்பி வராமல் இருந்த கதை எல்லாவற்றையும் எடுத்து விட்டேன். ஆனாலும் அன்றைக்கு ஜெயித்தது அவள்தான். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சோடாக்கடை மாயவன்கூட, அவன் பெண்டாட்டி யாருக்குப் பயப்படுகிறாள் என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவன், சிரித்தான்.

விஷயம் சின்னது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகாபலிபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். முன் சீட்டில் சாராள். தெருக்கோடியில் ரெபேக்காள் அம்மாள் நடத்தும் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த நர்சு. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் சுவரோரமாக ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். கல்யாணமாகாத பெண், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ அதைத்தான் நானும் நினைத்தேன். நினைத்ததைச் சம்பூர்ணத்திடம் மட்டும் சொன்னேன். சம்பூர்ணத்திடம் மட்டும் சொல்வதும் தமுக்கு அடிப்பதும் ஒன்று என்பது வேறு விஷயம்.

அடுத்த வாரம் சாராளே சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னாள். சித்தி வீட்டில் சாப்பிட்ட நண்டு ஒத்துக்கொள்ளவில்லையாம்.

உங்களுக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். என் நிலைமையில் இருந்து பாருங்கள். எங்கள் தெருவில் எனக்கென்று இருந்தது என் சொல் ஒன்றுதான். பூவராகவன் வேலையை விடப்போகிறான் என்று அவன் முதலாளிக்குத் தெரிவதற்கு முன்பே சொன்னவள் நான். யார் வீட்டில் எப்போது பெண் பார்க்க வருவார்கள் என்று என்னைக் கேட்டுத்தான் பால்காரன் கூடுதலாகப் பால் கொண்டுவருவான். அப்படிப்பட்டவளைப் பார்த்துக் குழாயடி சிரிக்கலாமா?

நான் தையற்காரி. ஆஸ்பத்திரி நர்சுகளுக்கு வெள்ளைக் கவுன் தைத்துக் கொடுப்பது நான்தான். சாராள் நல்ல பூரிப்பான உடம்பு. சதுரங்கப்பட்டினம் பக்கம் ஒரு சேரியில் பிறந்தவள். அப்பா சின்னையன் கல்பாக்கத்தில் அணு நிலையம் கட்டுகிற இடத்தில் கூலி வேலை. குடும்பத்திலேயே மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் இவள். முதல் தடவை என்னிடம் வந்தபோது, பட்டணத்தில் படிக்கும்போது தைத்த கவுனைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"குனிஞ்சா அக்குள்ள புடிக்குது, நிமிந்தா வயித்துல புடிக்குது. நடுவுல எப்பக்கா மூச்சு வுடறது?" என்றாள்.

சதைப்பிடிப்பான பெண்களுக்குத் தைப்பதில் எல்லோரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. தொளதொளவென்று தைத்தால் உடம்பு மறைந்துவிடும் என்று நினைப்பார்கள். மறையாது, இன்னும் ஒரு சுற்றுப் பெருத்துக் காட்டும். மார்புக்குக் கீழேயிருந்து இடுப்புவரை நீளமாக இரண்டு டார்ட், அதாவது உள்பக்கம் கூராக முடிகிற மடிப்பு, பிடிக்க வேண்டும். பிரசவம் பார்க்கிற கை மேலும் கீழும் போகும், ஆகையால் அக்குளில் தாராளம் வேண்டும். முதுகில் ஒரு மடிப்பு வைத்தால் குனியும்போது விரிந்து கொடுக்கும். பாக்கெட்டை இடுப்பின் மேலேயே வைக்காமல் சற்றுக் கீழே இறக்க வேண்டும். பெல்ட் அகலமாக, ஒட்டியும் ஒட்டாமலும் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், துணியை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவைத்த பிறகுதான் கத்தரி போட வேண்டும். ஆஸ்பத்திரித் துணியைச் சோடா போட்டு வேகவைத்து வெளுப்பார்கள். ஊறவைக்காத மல் துணி வெள்ளாவியில் சுருங்கிக்கொண்டே போகும்.

அந்த முதல் கவுனை எல்லா முறையும் தவறாமல் தைத்தேன். கண்ணாடி முன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "நான் இவ்ளோ லட்சணமாவா கீறேன்?" என்று கேட்டாள். அந்தக் கவுனோடு வார்டில் நடந்தபோதுதான், அக்காவின் பிரசவத்துக்கு வந்திருந்த சிங்கப்பெருமாள் கோயில் ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் ஆபிரகாம் அவளைப் பார்த்தான். பொங்கல் கழித்துக் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். அந்தக் கல்யாணத்தை நிச்சயம் செய்தது என் டார்ட் என்று சொன்னால் மிகையில்லை. அவளுக்கு நான் நல்லதே செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

குழாயடிச் சண்டை நடந்த அந்த வாரம் ஆஸ்பத்திரியில் பழைய கவுன்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு புதுத் துணி கொடுத்தார்கள். சாராள் அதைக் கொண்டுவந்தாள். மற்ற நர்சுகளின் துணியை வாளியில் போட்டேன். அவள் துணியைப் போடவில்லை. நான் செய்தது என்று பார்த்தால் அவ்வளவுதான். அதுகூடச் செய்தது அல்ல, செய்யாமல் விட்டது. பக்கத் தையலில் அரை விரல் கூடுதலாகப் பிடித்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன், மறைப்பானேன்.

இரண்டு வெளுப்பு ஆனதும் மூச்சு முட்ட வந்தாள். நான் டேப்பை அவள் இடுப்பில் சுற்றிப் பார்த்தேன். ஒரு நூல்கூட ஏறவில்லை. "கல்யாணக் களைல கொஞ்சம் பூசினாப்ல கீற, அவ்ளோதான்" என்றேன், அன்பாக. முகம் வாடிப் போயிற்று. அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டை விட்டாள். பிறகு காலை நாஸ்தாவையும் விட்டாள்.

"கவுன வுட்டுத் தெச்சிடறேன், கவலப்படாத" என்று வாங்கிவைத்துக்கொண்டேன். டார்ட்டைப் பிரித்தேன். மார்புக்குக் கீழே ஒட்டுத்துணி கொடுத்துச் சுருக்கு வைத்தேன், முன்பக்கம் மட்டும். போட்டுப் பார்த்தவள் காற்றோட்டமாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டாள். பக்கவாட்டில் பார்த்தால் எப்படி இருக்கும் என்பது என் ஆளுயரக் கண்ணாடியில் எனக்குத்தான் தெரிந்தது. பெல்ட் எட்டவில்லை. "குடுத்துட்டுப் போ, பெருசா தெச்சு வெக்கறேன்" என்றேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம். கல்யாணமான நர்சுக்கு மாசமானால் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். பெல்ட்டைக் கழற்றிவிட்டு வேலைக்கு வருவாள். ரெபேக்காள் அம்மாள் ஒன்றும் கேட்காமல் பளுவான வேலையிலிருந்து மாற்றிவிடுவார். பெல்ட் இல்லாமல் ஒருத்தி தெருவில் நடந்தால் போதும், பூக்காரிமுதல் எல்லோரும் புரிந்துகொள்வார்கள். எல்லோருக்கும் தெரிந்த விஷயமாதலால் புதிதாக வந்தவளுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பெல்ட் என் அலமாரியில் இருந்தது. அவள் கேட்கும்போதெல்லாம் பக்கிள் கிடைக்கவில்லை, நூல் தீர்ந்துவிட்டது என்று நாள் ஓடிற்று. எமர்ஜென்சி சமயம், ஊரே நேரத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது. சாராளும் தினமும் காலையில் எங்கள் தெரு வழியாக, பெல்ட் இல்லாமல், நேரத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

அடுத்த முறை நான் குழாயடிக்குப் போனபோது சம்பூர்ணம் தன் குடத்தை எடுத்துவிட்டு என் குடத்தை வைத்தாள். "உன் கண்ணு கண்ணுதான் ஞானம். நான்தான் பேஜாரு பண்ணிட்டேன்" என்றாள். நான் பெருந்தன்மையாக இருந்தேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நிறுத்தத்தான் நினைத்தேன். பெல்ட்டைத் தைத்துக்கூட வைத்துவிட்டேன். அதைக் கொடுத்திருந்தால் மறுநாளே சம்பூர்ணம் குடத்தை மாற்றி வைத்திருப்பாள்.

ஒரு நாள் தலையணை உறை கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். ரெபேக்காள் அம்மாள் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே சாராள் நின்றிருந்தாள். கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்து, முன்பக்கம் மட்டும் புஸ்ஸென்று கவுன்.

"நான் வாயால கேக்க மாட்டேன். டேபிள்ல படு, பாத்துடறேன். இல்லேன்னு ஆச்சுன்னா ஊர் வாய நானே அடைக்கிறேன்" என்றார் அம்மாள்.

நாள் முழுக்க வயிற்றைத் தொட்டுப் பார்த்தே காலம் தள்ளுகிற இடம் அது. படுத்திருந்தால் ஒரு நிமிஷ வேலை. சாராள் படுக்கவில்லை.

"தொட்டுப் பாத்தாத்தான் நம்புவீங்கன்னா நம்பவே வாணாம்மா. பெல்ட்டு தைக்கக் குடுத்துகீறேன், அதான் போடல" என்றவள், வாசலில் என்னைப் பார்த்துவிட்டாள். "தோ, அக்காவே கீறாங்க. அவங்களக் கேளுங்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் உறைகளை மேஜையில் வைத்து, ஓரத்தைச் சரிசெய்தேன்.

"வுடுங்கம்மா, சின்னப் பொண்ணு" என்றேன்.

இதில் பொய் ஒரு சொல் உண்டா? சின்னப் பெண்தான். விட்டுவிடத்தான் சொன்னேன். சாராள் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி உறைகளின் மேல் வைத்துவிட்டு வெளியே போனாள்.

ஆபிரகாம் நல்ல பையன். ஊர்ப் பேச்சை நம்பாமல் நேரே என் கடைக்கு வந்தான். "அக்கா, அளவு எடுக்கிறவங்க நீங்க. உங்களுக்குத் தெரியாம இருக்காது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், நான் யார் பேச்சையும் கேக்க மாட்டேன்" என்றான்.

எனக்குத் தெரியும். அவள் இடுப்பு மாதாமாதம் குறைந்துகொண்டுதான் வந்தது. பிள்ளையும் இல்லை, ஒன்றும் இல்லை, பட்டினி மட்டும்தான் இருந்தது அந்த வயிற்றில். டேப் என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, பெல்ட் எனக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது.

"அளவு எடுக்கறவ வெளிய சொல்லக் கூடாதுப்பா" என்றேன். தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதல்லவா. அவன் தலையை ஆட்டிக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனான், ஏறவில்லை.

ஆபிரகாமுக்கு அடுத்த வருஷம் மதுராந்தகத்தில் பெண் எடுத்தார்கள். மெலிந்த பெண், அவளுக்குத் தைப்பதில் சவாலே இல்லை. சாராள் பம்பாயில் யாரோ உறவுக்காரர் வீட்டுக்குப் போனாளாம். அங்கே வேலை கிடைத்ததா என்று சரியாகத் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சின்னையன் மட்டும் எங்கள் தெரு வழியாக வருவதை நிறுத்திவிட்டார். பஸ் ஸ்டாண்டிலிருந்து சுற்றிக்கொண்டு போகிறார். பிள்ளை எங்கே என்று பின்னால் யாரோ கேட்டதற்கு, கலைத்திருப்பாள் என்று சம்பூர்ணமே பதில் சொன்னாள். நான் சொல்லவில்லை. சம்பூர்ணமும் இப்போது மகனோடு கேளம்பாக்கம் போய்விட்டாள். போகிற அன்று, உன் வாக்கு பலிக்கும் வாக்கு, என் பேத்திக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லு என்று கையைப் பிடித்துக் கேட்டாள்.

சாராள் ஊரை விட்டுப் போகுமுன் கவுன்களைத் துவைத்து மடித்து என் கடை வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். யாராவது ஏழைப் பெண்ணுக்குக் கொடுக்கட்டும் என்றுதான் வைத்திருப்பாள், தங்கமான மனசு. ஒன்றின் பாக்கெட்டில், வெட்டி மிஞ்சியதென்று நான் திருப்பிக் கொடுத்திருந்த துணியில் இரண்டு துண்டு, ஊக்கு குத்திச் சேர்த்து இருந்தது. ஒரே அளவாக வெட்டியவை என்பது ஓரத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஒன்று புதிதாக அப்படியே இருந்தது. மற்றது சோடாவில் வெந்து, இரண்டு விரல் அகலம் சுருங்கியிருந்தது.

எதற்காக வைத்தாள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. மறந்திருப்பாள். அவை இரண்டும் அந்தப் பெல்ட்டோடு என் அலமாரியில்தான் இருக்கின்றன. நல்ல துணி, தூக்கிப்போட மனசு வரவில்லை.