செத்துப்போன அப்பாவும் திரும்பி வராத வரியும்

சேதராப்பட்டில் ஷிப்ட் முடிந்து வில்லியனூர் போகும் பஸ். எனக்கு முன்சீட்டில் கம்பெனிச் சட்டையோடு இரண்டு பேர் இருந்தார்கள். ஜன்னலோரம் இருந்த பெரியவர் திடீரென்று சொன்னார்:

"செத்துப்போன எங்கப்பாவப் பேசச் சொன்னாங்கப்பா, வருமான வரி ஆபீஸ்ல."

"இன்னாண்ணே சொல்ற?" என்றான் பக்கத்திலிருந்த இளைஞன்.

"சம்பளத்துல கூடப் புடிச்ச வரி திரும்பி வரணும். பான் கார்டுல என் பேரோட கலியபெருமாள்னு அப்பா பேரும் இருக்குது. பேங்க்லயும் நம்ம கம்பெனிலயும் வெறும் இனிஷியல். அதனால பான் கார்டு ஆளும் பேங்க் ஆளும் வேற வேறயாம்."

"போன் பண்ணியா?"

"பண்ணேன். 'கலியபெருமாள்கிட்ட குடுங்க'ன்னுச்சு ஒரு பொண்ணு. அவரு போய்ச் சேந்துட்டாரும்மான்னேன். 'எப்ப திரும்பி வருவாரு?'ன்னு கேக்குது."

இளைஞன் சிரித்தான்.

"சிரிக்காதடா. பொண்ணு காலேஜ் பீஸுக்கு அதத்தான் நம்பியிருந்தேன். அப்புறம் நேர்ல போனேன். அங்க ஒரு மேடம் பொறுமையா பாத்து, பேங்க்ல முழுப்பேரா மாத்தச் சொன்னாங்க. மாத்தினேன். நேத்து ரீஃபண்ட் ஏறிடுச்சு."

"அப்புறம் ஏன்ணே மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு வர?"

"இன்னிக்கு உனக்குச் சம்பளம் ஏறிச்சுல்ல? எனக்கு ஏறல. பேங்க்ல இருக்கற ஆளு நம்ம கம்பெனில வேலையே செய்யலியாம்."