ஒன்றாம் நம்பர் வண்டி

நான் எதையும் அவசரமாகச் செய்கிற ஆளில்லை. சாப்பிட உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம். குளிக்கப் போனால் என் மனைவி ரதி கதவைத் தட்டி, உயிரோடுதான் இருக்கிறேனா என்று கேட்டுவிட்டுப் போவாள். ஆகையால் இந்த வாக்குமூலம் கொஞ்சம் நீளும். இன்ஸ்பெக்டர் மகேந்திரன் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் சொல்லச் சொல்ல மலாயில் எழுதிக்கொள்வதாகச் சொன்னீர்கள். நானே தமிழில் எழுதித் தருகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒருவர் சொல்லி இன்னொருவர் எழுதினால் எண்கள் தப்பாகிவிடும்.

பெயர் திருச்செல்வம், வயது அறுபத்திரண்டு. தெமியாங்கில் வாகன உதிரிபாகக் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். முழுப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் என்னைத் தெரியாது, 'நம்பர் செல்வம்' என்று கேட்க வேண்டும். அந்தப் பட்டத்தை ஊரார் கேலிக்காகத்தான் வைத்தார்கள். அது எனக்குப் புரியப் பத்து வருடம் ஆயிற்று, அதற்குள் பிடித்துப்போய்விட்டது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் பிரிட்டிஷ் ராணுவம் கழித்துவிட்ட ஜீப்புகளை இங்குள்ள ரப்பர் தோட்டங்கள் வாங்கிக்கொண்டன. ஒவ்வொரு ஜீப்பின் போனட்டிலும் வெள்ளைச் சாயத்தில் ராணுவம் எழுதிய ஓர் எண் இருக்கும். தோட்டத்தில் அதன்மேல் பச்சை அடித்தார்கள், பிறகு சாம்பல், பிறகு ஸ்டோரில் எது மிச்சமிருந்ததோ அது. அந்த அடுக்குகளை ஈர உப்புத்தாளால் ஒவ்வொன்றாகத் தேய்த்தெடுத்து, அடியில் உறங்கும் எண்ணைக் கண்டுபிடிப்பதுதான் என் பைத்தியம். ஒரு போனட்டுக்கு மூன்று வாரம் ஆகும். கொஞ்சம் அழுத்தினாலும் எண்ணும் சேர்ந்து போய்விடும். என் கையை நீங்கள் இவ்வளவு பதமாகத் தொட்டதில்லை என்று ரதி ஒருமுறை சொன்னாள். அவள் பொய் சொல்லும் பெண் அல்ல.

நீலாயில் உணவகம் வைத்திருக்கும் யாக்கூப், சுவா பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து துருப்பிடித்த ஜீப் ஒன்றை வாங்கி என் வீட்டுக் கொட்டகையில் கொண்டுவந்து நிறுத்தினார். இருபத்திரண்டு நாள் தேய்த்தேன். எண் வந்தது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர் ஒருவர் எனக்கு அனுப்பியிருந்த பழைய பட்டியலில் அந்த எண் இருந்தது. ஜப்பான்காரன் சரணடைந்த பிறகு, முதல் நாள் போர்ட்டிக்சன் கரையில் இறங்கிய வண்டிகளில் ஒன்று. நான் கொட்டகைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். யாக்கூப் என்னைக் கட்டிப்பிடித்தார். பழைய வாகனக்காரர்கள் கடற்கரையில் கூடும் ஞாயிற்றுக்கிழமை அந்த ஜீப்பை வைத்து, பக்கத்தில் ஒரு பலகையும் வைப்பதாக ஏற்பாடு. பலகையின் அடியில் 'கண்டறிந்தவர்: திருச்செல்வம்' என்று இருக்கும். எழுத்தின் அளவைப் பற்றி நான் யாக்கூப்பிடம் மூன்று முறை தொலைபேசியில் பேசினேன். ஒரு பத்திரிகையிலும் என் படம் வந்தது. கேமராவைப் பார்க்காதவன்போல நின்று எடுத்துக்கொண்ட படம் அது.

இதில் ஒரு விதி உண்டு. போனட்டை நம்பக்கூடாது. போனட் கழற்றி மாட்டுகிற சாமான். அடிச்சட்டத்தில் தொழிற்சாலைக்காரன் பதித்த எண்ணோடு ஒத்துப்பார்த்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். கேட்டவர்களுக்கெல்லாம், கேட்காதவர்களுக்கும், இந்த விதியைச் சொல்லிக்கொடுத்தவன் நான். யாக்கூப்பின் ஜீப்புக்கு அடியில் கெட்டியாகத் தார் பூசியிருந்தது. நான் சுரண்டிப் பார்க்கவில்லை. நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன். குளிக்க ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கிறவனுக்கு நேரமில்லை.

விழாவுக்கு முந்திய சனிக்கிழமை மூன்று மணிக்குச் சன்னாசி வந்தார். எழுபத்தொன்பது வயது. அந்தச் சுவா தோட்டத்தின் வொர்க்‌ஷாப்பில் இளம் வயதில் வேலை செய்தவர். அவர் மகள் புனிதா யாக்கூப்பின் உணவகத்தில் கல்லாவில் இருக்கிறாள். அவள் சொல்லித்தான் ஜீப் விஷயம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அப்பாவைக் காரில் இறக்கிவிட்டு, ஒரு மணி நேரத்தில் வருகிறேன் அங்கிள் என்று டவுனுக்குப் போனாள். ரதி தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள்.

சன்னாசி ஜீப்பை இரண்டு சுற்றுச் சுற்றினார். போனட்டின் மூலையை விரலால் தடவினார். பிறகு சந்தோஷமாகச் சிரித்தார்.

"தம்பி, இது ரெண்டாம் நம்பர் வண்டிலா. போனட்டு மட்டுந்தான் ஒன்னாம் நம்பரோடது."

தோட்டத்தில் இரண்டு ஜீப்புகள் இருந்தனவாம். சாமான் காணாமல் போகாமலிருக்க, வொர்க்‌ஷாப் மண்டோர் என்கிற மேற்பார்வையாளர் இரண்டு வண்டிகளிலும் கழற்றக்கூடிய எல்லாவற்றிலும், அடிச்சட்டத்திலும்கூட, உளியால் ஒன்று, இரண்டு என்று அடித்துவைக்கச் சொல்லியிருந்தார். அடித்தவர் சன்னாசியேதான். ஒருநாள் புயலில் ரப்பர் மரம் விழுந்து ஒன்றாம் நம்பரின் பின்பக்கம் நசுங்கியது. நல்ல நிலையில் இருந்த போனட்டை இரண்டாம் நம்பருக்கு மாட்டினார்கள். மொட்டையான அடிச்சட்டத்தைத் தோட்டத்துப் பெரிய கால்வாய்க்குக் குறுக்கே போட்டு, மேலே பலகை அடித்தார்கள். இன்றைக்கும் அதன்மேல்தான் மோட்டார் சைக்கிள் போகிறது என்றார்.

போனட் மூலையைப் பார்த்தேன். அங்கே இருந்த சிறு பள்ளத்தைத் துருக்குழி என்று நினைத்து நானே பட்டி வைத்து அடைத்திருந்தேன். நகத்தால் நோண்டினேன். பட்டி பெயர்ந்தது. ஒன்று.

முதல் நாள் கரையிறங்கிய வண்டி ஒரு கால்வாய்ப் பாலமாகக் கிடக்கிறது. நான் பத்திரிகையில் வேறொரு வண்டிக்குப் பக்கத்தில் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். யாக்கூப்பிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்று சன்னாசியிடம் கேட்டுக்கொண்டேன். அவருக்கு அது விளங்கவேயில்லை. இதில் மறைக்க என்ன இருக்கிறது, நாளைக்குக் கடற்கரைக்கு நானும்தான் வருகிறேன், மைக்கிலேயே சொல்லிவிடுகிறேன், எல்லாரும் சிரிப்பார்கள் என்றார். அவர் மனதில் துளிக் கெட்ட எண்ணமும் கிடையாது. எல்லாரும் சிரிப்பார்கள் என்பதும் உண்மைதான்.

இரண்டு என்று அடித்த இடத்தைக் காட்டச் சொன்னேன். பெயின்ட் வேலைக்காக முன்சக்கரம் இரண்டையும் கழற்றி, ஜேக்கில் தூக்கி நிறுத்தியிருந்தேன். நான் கவனமான ஆள். ஜேக்கை மட்டும் நம்பி ஒருநாளும் வண்டியை விட்டதில்லை, பக்கத்தில் கனமான ரப்பர் மரக் கட்டைகளை அடுக்கியிருப்பேன். சன்னாசி டார்ச்சை வாங்கிக்கொண்டு அடியில் நகர்ந்தார். எழுபத்தொன்பது வயதுக்கு நன்றாகவே நகர்ந்தார். கை நீட்ட இடமில்லை, கட்டையைக் கொஞ்சம் நகர்த்து தம்பி என்றார். நகர்த்தினேன். தாரைச் சுரண்டும் சத்தம் கேட்டது. இருக்குலா, ரெண்டு, நான் அடிச்சதுதான் என்றார். குரலில் அப்படி ஒரு மகிழ்ச்சி. அப்புறம் கேட்டார்.

"கட்டைய வச்சிட்டியா தம்பி?"

"வச்சிட்டேன், அண்ணே."

ஜேக்கின் திருகைக் கால் சுற்றுத் திருப்பினால் போதும். அதையும் நான் மெதுவாகத்தான் திருப்பினேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கை தவறிவிட்டது என்று அன்றைக்கு உங்களிடம் சொன்னேன், நீங்களும் நம்பினீர்கள். என் கை தவறுகிற கை அல்ல. அப்படித் தவறுகிற கையை வைத்துக்கொண்டு முப்பது வருடம் இந்த வேலை செய்திருக்க முடியாது.

அவர் உடனே இறக்கவில்லை. குரல் வரவில்லை, டார்ச்சால் இரும்பைத் தட்டினார். நான் முக்காலியில் உட்கார்ந்து, பட்டி பெயர்ந்த மூலையைத் தேய்க்க ஆரம்பித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. எதையும் எண்ணாமல் இருக்க எனக்கு வராது. பதினான்கு தடவை தட்டினார். கடைசி இரண்டுக்கும் நடுவில் நீண்ட இடைவெளி, முடிந்துவிட்டது என்று தப்பாக நினைத்தேன். பிறகு உப்புத்தாளை அலசி, கொடியில் காயப்போட்டுவிட்டு, ஆம்புலன்சைக் கூப்பிட்டேன்.

நீங்கள் வந்தீர்கள். வயசானவங்கள அடியில விடக்கூடாது சார் என்று தண்ணீர் கொடுத்தீர்கள். இறுதிச் சடங்கில் நான் பாடைக்குத் தோள் கொடுத்தேன். அழுதேன், அந்த அழுகை நடிப்பல்ல. விழா இரண்டு வாரம் தள்ளி நடந்தது, முதலில் சன்னாசிக்காக ஒரு நிமிட மௌனம். அதற்கு முன்பே இரண்டு என்ற குறியை அரத்தால் ராவி எடுத்திருந்தேன். கூட்டம் முடிந்ததும் புனிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா அந்த ஜீப்ப பாக்கணும்னு ஒரு வாரமா தூங்கல அங்கிள். கடைசியா உங்ககூட சந்தோஷமா இருந்தாரு."

அந்தச் சொல்தான் என்னை இங்கே கொண்டுவந்தது. எட்டு மாதமாக அது என்னைத் தூங்கவிடவில்லை. மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே, அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க முடியாது என்று தெரிந்துகொண்டேன். இந்த வரியை நேற்றே யோசித்து வைத்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

முழுவதும் சொல்வதென்றால் இதையும் சொல்ல வேண்டும். விழா முடிந்த மறுவாரம் சுவாவுக்குப் போனேன். கால்வாயில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று, பாலத்தின் அடியைத் தேய்த்தேன். உளியால் அடித்த ஒன்று இருந்தது. தொழிற்சாலை எண்ணும் இருந்தது, பட்டியலோடு ஓர் எண்கூடப் பிசகாமல். சன்னாசி சொன்னது அத்தனையும் சரி. என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. பக்கத்தில் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அவரிடம்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அந்தத் தோட்டம் இப்போது வீடமைப்புக்குப் போய்விட்டது. வருகிற வியாழக்கிழமை கால்வாயை அகலப்படுத்த இயந்திரம் வருகிறது. பாலம் பழைய இரும்புக் கடைக்குப் போகும். மேம்பாட்டாளர் அலுவலகத்துக்கு இரண்டு முறை நடந்தேன். ஆதாரம் கேட்டார்கள், சேகரிப்பாளரின் பட்டியல் மட்டும் போதாது என்றார்கள். போனட் மூலையிலிருந்த ஒன்றை அன்றைக்கே தேய்த்து மறைத்துவிட்டேன், இரண்டாம் நம்பர் குறியையும் நானே அழித்துவிட்டேன், கண்ணால் கண்ட ஒரே சாட்சியையும் நானே அழித்துவிட்டேன். போனட்டும் பாலமும் ஒரே வண்டி என்பதற்கு இந்த வாக்குமூலத்தைத் தவிர இன்று வேறு சான்று கிடையாது. கொலை வழக்கில் சம்பந்தப்பட்ட பொருளை யாரும் அப்புறப்படுத்தக் கூடாது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பாலத்தைச் சுற்றி நீங்கள் மஞ்சள் நாடா கட்டினால் இயந்திரம் நின்றுவிடும்.

பாலம் இருக்கும் இடத்தின் வரைபடமும் எண்களும் பின்தாளில் இருக்கின்றன. தட்டச்சு செய்பவர் எண்களை இரண்டு முறை சரிபார்க்கட்டும். சன்னாசியை நான்தான் கொன்றேன். தெரிந்து, நிதானமாக, கட்டை வைத்திருக்கிறேன் என்று பொய் சொல்லிக் கொன்றேன். கையெழுத்தும் போட்டுவிட்டேன். அவர் விஷயத்தை நீங்கள் மெதுவாக விசாரித்துக்கொள்ளலாம், அவர் எங்கும் போகப்போவதில்லை. பாலத்துக்குத்தான் வியாழன் காலைவரை நேரம்.