மூன்று சுற்றுக்குள் போன சங்கிலி

என் பெயர் சந்திரமதி. தகப்பனார் பெயர் கோவிந்தசாமி. வயது இருபத்து நான்கு. சொந்த ஊர் நாகப்பட்டினம். அங்கே பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். இப்போது சிங்கப்பூர் ஜாலான் புசாரில், அத்தை வீட்டார் எங்களுக்காக அமர்த்திக் கொடுத்த மாடியறையில் தங்கியிருக்கிறேன்.

சென்ற வெள்ளிக்கிழமை இதே போலீஸ் நிலையத்தில் கொடுத்த வாக்குமூலத்தில் ஒன்றை நான் சொல்லவில்லை. கோயிலில் என் கையிலிருந்து கல்யாணச் சங்கிலியை வாங்கிக்கொண்டு போன அம்மாள் என்னை மணப்பெண் என்று நினைத்துப் பேசினார். நான் இல்லை என்று சொல்லவில்லை. இதை அன்று மறைத்ததால் பூக்கார ரத்தினம்மா இன்னும் காவலில் இருக்கிறார் என்று அறிந்து, யாரும் கூப்பிடாமல் நானாக வந்து இதைச் சொல்கிறேன். மொழிபெயர்ப்பாளர் அப்துல் கஃபார் அவர்கள் எழுதிக்கொள்கிறார்.

என் சித்தப்பா தங்கராஜு, சின்னம்மா பூவம்மா, அவர்கள் மகள் கண்மணி ஆகியோருடன் கண்மணியின் கல்யாணத்துக்காக 1958ஆம் ஆண்டு ஆவணி மாதம் கப்பலில் இங்கே வந்தேன். கண்மணிக்கு இருபது வயது. மாப்பிள்ளை மருதப்பன் துறைமுகத்தில் எழுத்தராக இருக்கிறார். அவர் கண்மணிக்கு அத்தை மகன். எனக்கும் அத்தை மகன். இரண்டு வருடங்களுக்கு முன் அவர் ஊருக்கு வந்திருந்தபோது எங்கள் வீட்டில்தான் தங்கினார். நான் படித்துக்கொண்டிருந்த புத்தகங்களைக் கேட்டு வாங்கிப் படித்தார். சிங்கப்பூரில் பெரிய நூலகம் இருப்பதாகவும், நான் வந்தால் அழைத்துப் போவதாகவும், அதைப் பார்க்க ஒரு நாள் போதாது என்றும் சொன்னார். அவர் கப்பலேறிய பிறகு கண்மணியைப் பெண் கேட்டு அத்தையிடமிருந்து தகவல் வந்தது. காரணம் யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கப்பலில் கண்மணிக்குத் தலைசுற்றல் இருந்ததால் நான் அவள் பக்கத்திலேயே இருந்தேன். "அக்கா, அத்தானுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும், என்ன பேசினா பிடிக்கும், உனக்குத்தானே தெரியும், சொல்லேன்" என்று தினமும் கேட்பாள். தெரிந்ததைச் சொன்னேன்.

வியாழக்கிழமை காலை சித்தப்பா, சின்னம்மா, மருதப்பன் அத்தான், நான் ஆகிய நால்வரும் சிராங்கூன் சாலையில் ஒரு நகைக்கடைக்குப் போனோம். கண்மணி வீட்டுக்கு விலக்காக இருந்ததால் கடைக்கும் வரவில்லை, மறுநாள் கோயிலுக்கும் வரவில்லை. சித்தப்பா ஊரில் ஒரு மா நிலத்தை விற்று அந்தச் சங்கிலிக்குப் பணம் கொண்டுவந்திருந்தார். நீளம் பார்ப்பதற்காகக் கடைக்காரர் சங்கிலியை என் கழுத்தில் வைத்தார். கண்ணாடியை என் பக்கம் திருப்பினார். அப்போது மருதப்பன் அத்தான், "இது பத்தாதுங்க, இன்னும் நாலு கண்ணி சேர்க்கணும். கண்மணிக்குக் கழுத்து நீளம்" என்றார். அவர் கண்மணியை இதற்கு முன் பார்த்தது ஊரில் ஒரு தடவை, இங்கே இறங்கிய அன்று ஒரு தடவை. கடைக்காரர் கண்ணி சேர்த்து மறுநாள் தருவதாகச் சொல்லிச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டார்.

அதன் பிறகு சின்னம்மாவும் நானும் கோயில் வாசலில் ரத்தினம்மாவிடம் பூ வாங்கினோம். ரத்தினம்மா என்னைப் பார்த்து, "கல்யாணப் பொண்ணு நீங்களாம்மா?" என்று கேட்டார்.

"இவ இல்லம்மா, இவளோட தங்கச்சிதான் பொண்ணு. இவ துணைக்கு வந்தவ" என்று சின்னம்மா சொன்னார்.

"அக்கா நிக்கிறப்ப தங்கச்சிக்கா? நல்லாருக்கு லா உங்க கணக்கு" என்று இந்த ஊர்ப் பேச்சில் சொல்லி ரத்தினம்மா எனக்கு ஒரு முழம் மல்லிகை கூடுதலாகக் கொடுத்தார். அதை நான் வைத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து கண்மணியிடம் கொடுத்தேன். மறுநாள் புதுச் சங்கிலியை அம்மன் பாதத்தில் வைக்கக் கொண்டுவருவோம் என்று சின்னம்மா அங்கேயே சொல்லி மாலைக்கும் சொல்லி வைத்தார். ரத்தினம்மாவுக்குச் சங்கிலி வரும் விவரம் முன்பே தெரியும் என்று போலீசார் சொல்வது இதைத்தான்.

வெள்ளிக்கிழமை காலை கடையில் சங்கிலியை வாங்கிக்கொண்டு சின்னம்மாவும் நானும் நேரே கோயிலுக்குப் போனோம். சின்னம்மா வாசலில் மாலையை வாங்க நின்றார். பெட்டியுடன் நான் உள்ளே போனேன். கொடிமரத்தின் பக்கத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் மஞ்சள், குங்குமம், வெற்றிலை வைத்த தாம்பாளத்துடன் நின்றிருந்தார். அரக்கு நிறப் பட்டு உடுத்தியிருந்தார். என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்து, "கல்யாணப் பொண்ணா?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

"வெக்கம் எதுக்கு, பெட்டியைப் புடிச்சிருக்கிற விதத்துலயே தெரியுதே. ஊர்லேர்ந்து வந்தீங்களா?"

"நாகப்பட்டினம்."

"அதான் பாத்தேன். இங்க கல்யாணப் பொண்ணு தன் நகையைத் தானே குருக்கள் கையில குடுக்க மாட்டாங்க. சுமங்கலி ஒருத்தி தட்டுல வச்சு எடுத்துட்டுப் போகணும். ஊர்ல வேற, இங்க வேற லா."

எங்கள் ஊரில் அப்படி ஒரு வழக்கம் இல்லை. வந்த இடத்து வழக்கத்தை மீறி யாராவது குறை சொல்லிவிடக் கூடாது என்று இறங்கிய நாளிலிருந்து சின்னம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். நான் மணப்பெண் இல்லை என்று அந்த இடத்தில் சொல்லியிருந்தால் அந்த வழக்கம் எனக்குப் பொருந்தாது. பெட்டியை நானே குருக்களிடம் கொண்டுபோயிருக்கலாம். சொல்லவில்லை.

அதன் பிறகு அந்த அம்மாள் அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் கேட்டார். சந்திரமதி, சுவாதி என்று சொன்னேன். மாப்பிள்ளை பெயர் கேட்டார். மருதப்பன் என்று சொன்னேன். என்னை யாரும் வற்புறுத்தவில்லை. அந்த இரண்டு பெயர்களையும் சேர்த்து ஒருவர் வாயால் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் என் நெற்றியில் குங்குமம் இட்டு, "அவர் பேரை மனசுல நெனச்சிக்கிட்டுப் பிராகாரத்தை மூணு சுத்து சுத்திட்டு வாங்க. அதுக்குள்ள பூசை முடிஞ்சிடும்" என்றார். பெட்டியைத் தாம்பாளத்தில் வைத்தேன். நினைத்துக்கொண்டு சுற்றினேன்.

விரைவாகச் சுற்றியிருந்தால் அவர் வெளியே போவதைப் பார்த்திருக்க முடியுமா என்று இன்ஸ்பெக்டர் கேட்கிறார். முடிந்திருக்கும். நான் மெதுவாகச் சுற்றினேன்.

சுற்றி முடித்து வந்தபோது சன்னதியில் குருக்கள் மட்டும் இருந்தார். தன்னிடம் எந்தப் பெட்டியும் வரவில்லை என்றார். அதன் பிறகு நான் வெளியே ஓடி வந்தேன். சின்னம்மா அப்போதும் மாலைக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். விவரம் கேட்டதும் சின்னம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். ரத்தினம்மாதான் கடையை அப்படியே விட்டுவிட்டுச் சாலை முனை வரை ஓடிப் பார்த்தார். திரும்பி வந்து என் நெற்றிக் குங்குமத்தைப் பார்த்தார்.

அன்று நிலையத்தில், ஓர் அம்மாள் கேட்டார், கொடுத்தேன் என்று மட்டும் சொன்னேன். விவரம் தெரியாத ஒருத்தி அவ்வளவு சரியாக வந்து கேட்டிருக்க முடியாது என்று ரத்தினம்மாவைக் காவலில் வைத்தார்கள். ஆனால் நான் மணப்பெண் இல்லை என்பது ரத்தினம்மாவுக்கு முந்தின நாளே தெரியும். சங்கிலியைக் கொண்டுபோன அம்மாளுக்கு அது தெரியாது. ரத்தினம்மா தகவல் கொடுத்திருந்தால் அந்த அம்மாள் என்னிடம் அப்படிப் பேசியிருக்க மாட்டார். ஆகவே ரத்தினம்மாவுக்கு இதில் சம்பந்தம் இல்லை.

இதை ஏன் வெள்ளிக்கிழமையே சொல்லவில்லை என்று கேட்டார்கள். அப்போது மருதப்பன் அத்தான் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

மணப்பெண்ணுடன் எனக்குப் பகை உண்டா என்று கேட்டார்கள். இல்லை. இன்று காலையும் அவளுக்கு நான்தான் தலை பின்னிவிட்டேன். பொறாமை உண்டா என்று இன்ஸ்பெக்டர் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் சற்றுத் தயங்கிச் சொன்னார். உண்டு என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

இன்று எனக்குத் துணையாக இங்கே வந்தவர் மருதப்பன் அத்தான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். இதில் எழுதியிருப்பது முழுவதும் எனக்கு உரக்க வாசித்துக் காட்டப்பட்டது. கதவு திறந்திருந்தது, சாத்தச் சொல்லட்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன். கூட்டவோ குறைக்கவோ ஏதுமில்லை, நடந்தது இதுவே என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) கோ. சந்திரமதி

என்னிடம் உள்ள நகலின் அடியில் பின்னர் நான் எழுதிக்கொண்டது:

அன்று மாலையே ரத்தினம்மாவை விட்டுவிட்டார்கள். அந்த அம்மாள் அகப்படவில்லை, சங்கிலியும் கிடைக்கவில்லை. நிலையத்திலிருந்து திரும்பும் வழியில் மருதப்பன் அத்தான் இரண்டடி முன்னாலேயே நடந்தார். நூலகத்துக்கு நாங்கள் போகவில்லை. கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. புதுச் சங்கிலிக்குப் பதிலாகக் கண்மணி என் சொந்தச் சங்கிலியைப் போட்டுக்கொண்டாள். அது அவளுக்குக் குட்டையாக இருந்தது.